ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு பூந்தொட்டி: வெள்ளைக்கோட்டு மரச்செதுக்கு அச்சு செய்யும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கை போலக் கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் நிலத்தின் நுனியில் பிராவின்ஸ்டவுன் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அந்த ஊரின் படகுத்துறை ஒன்றில் பழைய மீன் கொட்டகையைத் தன் ஓவியக்கூடமாக ஆக்கிக்கொண்டவர் பிளான்ச் லஸெல். 1878-இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த இவர், கொட்டகையைச் சுற்றிப் பூச்செடிகள் வளர்த்தார். பிறகு அந்தச் செடிகளையும் பூக்களையுமே பலகையில் செதுக்கி, வண்ணம் பூசி, காகிதத்தில் ஒற்றி எடுத்தார். அப்படி அவர் செதுக்கிய பலகைகள் நூறுக்கும் மேல்.

அந்த அச்சுகளில் ஒன்றைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளைக் கோடுகள்தான். இலைக்கும் இலைக்கும் நடுவே, தொட்டியின் விளிம்பைச் சுற்றி, மேசையின் ஓரத்தில், எங்கும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அது வெள்ளை வண்ணத்தால் வரைந்த கோடு அல்ல, மை படாத வெறும் காகிதம். பலகையில் அந்த இடத்தில் பள்ளம் இருப்பதால் காகிதம் அங்கே வண்ணத்தைத் தொடுவதில்லை.

இந்த முறையை 1915 வாக்கில் கண்டுபிடித்தவர் அதே ஊரில் இருந்த பி. ஜே. ஓ. நார்ட்ஃபெல்ட் என்ற ஓவியர். அதுவரை வண்ண மரச்செதுக்கு என்றால் ஜப்பானிய வழிதான்: நிறத்துக்கு ஒரு பலகை. ஆறு நிறம் வேண்டுமென்றால் ஆறு பலகை செதுக்கி, ஆறையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். அது அலுத்துப்போய், ஒரே பலகையில் நிறங்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். வரப்பு போட்டுப் பாத்தி பிரிக்கிறோமே, அதைத் தலைகீழாகச் செய்ததுபோல. லஸெல் 1916-இல் இதைக் கற்றுக்கொண்டு, 1956-இல் இறக்கும்வரை விடவில்லை.

இடையில் வந்தது பெருமந்தம் என்ற பெரிய பொருளாதார வீழ்ச்சி. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது; 1933-இல் அமெரிக்காவில் வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அரிசி பருப்புக்கே கணக்குப் பார்க்கிற காலத்தில் யார் படம் வாங்குவார்கள்? 1933 டிசம்பரில் அரசாங்கமே ஓவியர்களைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அந்த முதல் திட்டம் ஓராண்டுகூட ஓடவில்லை என்றாலும் 3,700 கலைஞர்களுக்கு மேல் அதில் வேலை பெற்றார்கள். லஸெலும் அவர்களில் ஒருவர். 1934-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நீதிமன்றத்துக்குச் சுவரோவியம் தீட்டியதோடு, அந்த ஊர்க் காட்சிகளை மரச்செதுக்கு அச்சுகளாகவும் செய்தார். 1935-இல் வந்த பெரிய கூட்டரசுக் கலைத் திட்டம் பல நகரங்களில் அச்சுப் பட்டறைகளே நடத்தியது. அங்கே எடுத்த அச்சுகள் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயின. தனியார் பக்கம், 1934-இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் பெயர்பெற்ற கலைஞர்களின் அச்சுகளை ஐந்து டாலருக்கு விற்றது. ஒரே வேலையிலிருந்து பல படிகள் எடுக்கலாம், விலையைக் குறைக்கலாம். பஞ்ச காலத்தில் அச்சுக்கலை செழித்ததற்கு அதுதான் காரணம்.

அந்தக் காலத்துப் பூந்தொட்டி அச்சுகளை நான் விரும்பிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரைவதற்காக முன்னால் உட்காரும் ஆளுக்குக் கூலி கொடுக்க அப்போது ஓவியர்களால் முடியாது. ஊர் ஊராகப் போய் வரையவும் காசில்லை. சன்னலில் இருக்கும் செடி எதையும் கேட்பதில்லை. தினமும் ஒரு இலை திரும்பியிருக்கும், ஒரு மொட்டு கூடியிருக்கும். அதை உட்கார்ந்து பார்க்க நேரம் மட்டும் போதும்.

மரச்செதுக்கு கற்க வருகிறவர்களிடம் எடுத்ததுமே அச்சு எந்திரம், ரப்பர் உருளை, எண்ணெய் மை என்று பட்டியல் நீட்டுகிறார்கள். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். இந்த முறைக்கு அவற்றில் ஒன்றும் வேண்டாம். அதனால், புதிதாக வருகிறவர்கள் வெள்ளைக்கோட்டிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்க வேண்டியவை

பலகைதான் முக்கியம். சுமார் 15 × 20 செ.மீ. அளவில், ஒரு செ.மீ. தடிமனில், முடிச்சு இல்லாத மென்மரத் துண்டு ஒன்று. தச்சுப் பட்டறையில் பைன் மரத்தின் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். கேட்டால் இழைத்தும் தருவார்கள். தேக்கு கடினம், எண்ணெய்ப்பசையும் உண்டு. முதல் பலகைக்கு வேண்டாம். பிளைவுட்டில் செய்யலாம், ஆனால் மேல் அடுக்கு மெல்லியது என்பதால் கோட்டோரம் சிம்பு சிம்பாகப் பெயரும். எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வெட்டுவதற்குச் சுகம்தான். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். அதில் செய்வதானால் வெட்டுவதற்கு முன்பே ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள்.

கத்திக்கு, பிடி தடித்த ஒரு கட்டர் போதும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் கூர்முனைக் கட்டரே சரி, அலகு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ‘வி’ வடிவ முனை உள்ள செதுக்குளி இருந்தால் வேலை விரைவாகும். ஆனால் மரத்தின் இழைக்குக் குறுக்கே போகும்போது அது மரத்தைக் கிழிக்கும். கத்தியால் இருபுறமும் சாய்த்து வெட்டுவது மெதுவான வேலைதான். கோடு அதில்தான் சுத்தமாக வரும்.

காகிதம் மெல்லியதாகவும் நார்ப்பிடிப்போடும் இருக்க வேண்டும். ஜப்பானியக் காகிதம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் புதுச்சேரிப் பக்கம் செய்யும் கைக்காகிதத்தில் மெல்லிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பூவிதழ், வைக்கோல் எல்லாம் கலந்த அலங்காரக் காகிதம் இதற்கு உதவாது. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒத்திகைக்கு மட்டும்.

வண்ணத்துக்கு டியூபில் வரும் வாட்டர்கலர் அல்லது குவாஷ் (ஒளி ஊடுருவாத, அடர்த்தியான நீர்வண்ணம்). மற்றபடி இரண்டு மூன்று தூரிகைகள், நாலைந்து டிராயிங் பின், நடு உப்புத்தாளும் நைஸ் உப்புத்தாளும், டிரேசிங் பேப்பர், கார்பன் பேப்பர். கடைசியாக ஒரு ஸ்பூன். அடிப்பக்கம் வழவழப்பான எவர்சில்வர் ஸ்பூன் வீட்டில் இருக்குமே, அதுதான் உங்கள் அச்சு எந்திரம்.

செடியை வரைதல்

தொட்டியைச் சன்னலோரம் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி செய்துகொள்ளுங்கள். முதல் முறைக்கு இலை பெரிதாக உள்ள செடி நல்லது: மணிபிளாண்ட், சேம்பு, கற்றாழை. துளசியும் வேப்பங்கன்றும் அழகுதான், ஆனால் அவற்றின் இலையைச் செதுக்கப் புகுந்தால் பொறுமை போய்விடும்.

இருக்கும் இலை எல்லாவற்றையும் வரைய வேண்டாம். ஐந்து முதல் ஒன்பது இலை போதும். இங்கே ஒரு விதி உண்டு: ஒவ்வொரு வடிவமும் மூடியிருக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் கம்பி எங்கேயும் அறுந்து நிற்காது, சுற்றி வந்து சேரும் இல்லையா, அந்த மாதிரி. கோடு பாதியில் நின்றால் இரண்டு நிறமும் அந்த வாயில் வழியே ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இலைக்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் வடிவமாகப் பாருங்கள். லஸெல் 1920-களில் பாரிசுக்குப் போய், பொருள்களைத் தளம் தளமாகப் பிரித்து வரையும் கியூபிச ஓவியர்களிடம் படித்தவர். அவருடைய பூத்தொட்டிப் படங்களில் பின்னணி சும்மா இருப்பதில்லை. சன்னல் சட்டம், மேசை விளிம்பு, நிழல் எல்லாம் நாலைந்து தளங்களாகப் பிரிந்து, பூவுக்கு நிகராக நிற்கும். நீங்களும் பின்னணியை மூன்று நான்கு பெரிய துண்டுகளாகப் பிரியுங்கள். தொட்டியையும் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டாக்குங்கள். ஒரே மண்நிறத்தின் இரண்டு சாயல் அடுத்தடுத்து வந்தாலே தொட்டி உருண்டு தெரியும்.

அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை மறக்கக் கூடாது. செடி சாயும் பக்கம் உங்களுக்கு முக்கியமென்றால், டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டுப் பலகைக்கு மாற்றுங்கள். படத்தில் எழுத்து வந்தால் கட்டாயம் திருப்பியாக வேண்டும்.

பலகையைத் தயார் செய்தல்

முதலில் நடு உப்புத்தாள், அப்புறம் நைஸ் உப்புத்தாள். இழையோடு சேர்த்துத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்; அந்தக் கீறல் அச்சில் தெரியும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் பொடி இழைகள் எழுந்து நிற்கும். மறுபடி லேசாக ஓர் ஓட்டு ஓட்டுங்கள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் எங்கும் பிடிக்கக் கூடாது.

கார்பன் பேப்பர் வைத்துப் படத்தைப் பலகைக்கு மாற்றி, கோடுகளின் மேல் பென்சிலால் ஒருமுறை தெளிவாகப் போட்டுவிடுங்கள். பலகையின் மேல்பக்கத்தில் இரண்டு செ.மீ. வெறுமையாக விடுங்கள், காகிதத்தைப் பின் குத்த அந்த இடம் வேண்டும்.

வெட்டுதல்

பலகை அசையாமல் இருக்க, அதை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால், ஒரு பெரிய பலகையின் மேல் வைத்து இரண்டு பக்கம் சிறு கட்டை அடித்து அணை கொடுங்கள். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

கத்தியைப் பேனா போலப் பிடித்துச் சற்றே வலப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். முனையைப் பென்சில் கோட்டுக்கு அரை மி.மீ. வலப்பக்கமாக வைத்து மெதுவாக இழுங்கள். ஆழம் இரண்டு மி.மீ. போதும், அதற்குமேல் போவதால் லாபமில்லை, கைதான் வலிக்கும். கோடு முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி, பலகையை மேசைமேலேயே அரைச்சுற்று திருப்பி மறுபடி இறுக்கி, அதே கோட்டின் மறுபக்கம் அதே சாய்வில் இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டும் அடியில் சந்தித்தால் நடுவிலுள்ள மரம் நூல் போல ஒரே இழையாக எழுந்து வரும். அந்த இழை சுருண்டு கத்தி முனையில் ஏறும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். இழை வராமல் பாதியில் மாட்டிக்கொண்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள். அடியில் வெட்டு சேரவில்லை என்று பொருள். மறுபடி அதே தடத்தில் கத்தியை விடுங்கள்.

வளைவுகளில் கத்தியைத் திருப்புவதைவிடப் பலகையைத் திருப்புவது எளிது. இலை நுனி போன்ற கூர் இடங்களில், நுனியில் தொடங்கி வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து நுனிக்குப் போனால் நுனி உடையும். உடைந்தாலும் பரவாயில்லை, ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து ஒட்டி ஒருநாள் விட்டு வெட்டலாம்.

கோட்டின் அகலம் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. இருந்தால் நல்லது. அதைவிட மெல்லியதாக இருந்தால் வண்ணம் பள்ளத்தை நிரப்பிவிடும். எல்லாம் முடிந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷால் பள்ளங்களைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் எந்தக் கோடு விட்டுப்போயிற்று என்று உடனே தெரியும்.

அச்செடுத்தல்

காகிதத்தைப் பலகையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மேல் விளிம்பை மூன்று நான்கு டிராயிங் பின்களால் பலகையில் குத்துங்கள். கதவுக்குக் கீல் போல இது. காகிதத்தைத் தூக்கலாம், திரும்பப் போடலாம், எப்போதும் அதே இடத்தில்தான் விழும். ஜப்பானிய முறையில் பெரும்பாடாக இருந்த பொருத்தும் வேலை இந்த நாலு பின்னோடு முடிந்துவிடுகிறது. அச்சு முழுவதும் முடியும்வரை பின்னைக் கழற்றக் கூடாது.

இப்போது வண்ணம். நான் முதலில் தவறியது இங்கேதான். காகிதத்தில் வாட்டர்கலர் பூசிய பழக்கத்தில் தண்ணீராகக் கரைத்துப் பூசினேன். ஸ்பூனால் தேய்த்ததும் அந்தத் தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெட்டிய கோடுகளில் பாதி பச்சையாகிவிட்டது. வண்ணம் தயிரின் மேலாடை பதத்தில் இருக்க வேண்டும். தூரிகையில் எடுத்தால் சொட்டக் கூடாது, தேய்த்தால் இழுபட வேண்டும். வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றால் வண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு கிளிசரின் கலந்துகொள்ளலாம்.

ஒரே நேரத்தில் முழுப் பலகைக்கும் பூசாதீர்கள். ஒரு இலை. பெரிய இலையானால் அதில் பாதி. பூசியதும் காகிதத்தை மேலே போட்டு, உடனே ஸ்பூனின் முதுகால் சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். காகிதம் மெல்லியது என்றால் வண்ணம் ஏறுவது பின்புறமே நிழலாகத் தெரியும். நாகம் படமெடுத்தது போலக் காகிதத்தை ஓரமாகத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் அதே இடத்தில் மறுபடி பூசி மறுபடி தேய்க்கலாம். கீல் இருப்பதால் இலை இலைமேலேயே விழும்.

முதலில் மரம் வண்ணத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் அச்சு வெளிறிப் போவது இயல்பு, கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று அச்சு எடுத்த பிறகு பலகை நிறம் பழகி, நன்றாக விட்டுக்கொடுக்கும்.

எந்த வரிசையில் அச்சிடுவது? வெளிர் நிறங்கள் முதலில், அடர்த்தியானவை கடைசியில். பின்னணியைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டால் படம் எங்கே போகிறது என்று தெரியும். தொட்டியின் நிழல் பக்கத்துக்கு மண்நிறத்தோடு துளி நீலம் சேருங்கள், கறுப்பு சேர்த்தால் அழுக்காகிவிடும். இலைகளுக்கு ஒரே பச்சை போடாதீர்கள். உங்கள் செடியை மறுபடி பாருங்கள்: வெயில் படும் இலை மஞ்சளோடிருக்கும், அடியில் உள்ளது ஊதாவை நோக்கிப் போகும், முதிர்ந்த இலையின் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கும். ஒரே இலைக்குள் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பூசி ஒரே தடவையில் ஒற்றினால், நடுவில் அவை தாமாகவே கரைந்து சேரும். பல பலகை முறையில் இதைச் செய்ய எத்தனை பாடு பட வேண்டும் என்று அந்த வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த அளவுப் படத்துக்கு முதல் முறை நாலு மணி நேரமாவது ஆகும். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் போகலாம். வண்ணம் பகுதி பகுதியாகத்தான் ஏறுகிறது என்பதால், மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும் ஒன்றும் ஆகாது, பின் குத்தியபடியே இருந்தால் சரி.

சில சிக்கல்கள்

மரத்தின் இழை அச்சில் வரிவரியாகத் தெரிகிறதா? அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னணியில் அந்த வரிகள் தெரிந்தால்தான் மரத்திலிருந்து வந்தது என்று தெரியும். திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்தால் வண்ணம் காய்ந்தபின் ஒற்றியிருக்கிறீர்கள். இன்னும் சிறிய பகுதியாகப் பூசுங்கள். காகிதம் பொசுபொசுவென்று நூல் எழும்பினால் ஒரே இடத்தில் அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறீர்கள். ஸ்பூனுக்கும் காகிதத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இராது. கோட்டுக்குள் வண்ணம் புகுந்துவிட்டால், அடுத்த அச்சுக்கு முன் ஊசியால் பள்ளத்தைக் கீறி எடுத்துவிடுங்கள். அச்சில் ஏற்கெனவே நிரம்பிய கோட்டை வெள்ளை வண்ணம் வைத்து மூட வேண்டாம். காகிதத்தின் வெள்ளையும் பூசிய வெள்ளையும் ஒன்றுபோல் இருக்காது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

முடிந்த பிறகு

பின்னைக் கழற்றி, காகிதத்தை இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விடுங்கள், சுருக்கம் போய்ச் சமமாகிவிடும். கையொப்பம் படத்துக்குக் கீழே பென்சிலில் போடுங்கள். பேனா மை நாளடைவில் மங்கும், படரவும் செய்யும்.

பலகையைக் குழாயடியில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் நிமிர்த்தி வையுங்கள். வண்ணக்கறை மரத்தில் தங்கியிருக்கும், இருக்கட்டும். இலை இருந்த இடம் பச்சையாகவும் தொட்டி இருந்த இடம் செம்மண்ணாகவும் மாறிய பலகையைச் சுவரில் மாட்டிவைப்பவர்களும் உண்டு.

இந்த முறையில் இரண்டாவது அச்சு முதலாவதைப் போல இருக்கவே இருக்காது, ஒவ்வொரு முறையும் கையால் நிறம் கலந்து பூசுகிறோம் அல்லவா? லஸெலின் ஒரே பலகையிலிருந்து வந்த அச்சுகளிலும் அந்த வேறுபாடு உண்டு. ஆகவே முதல் அச்சைப் போலவே எடுக்க முயல வேண்டாம். காலை வெயிலில் இருந்த செடியை முதலில் எடுத்தீர்கள் என்றால், அடுத்ததற்கு விளக்கு வைத்த பிறகு அதே தொட்டியின் முன் உட்கார்ந்து, அப்போது இலைகள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்து வண்ணத்தைக் கலக்குங்கள்.